கூட்டல் குறி

கருவூர் நகரில் செங்குந்தபுரம் ஐந்தாம் குறுக்குத் தெருவில் வசிப்பவனும், காலஞ்சென்ற மாசிலாமணி அவர்களின் தலைமகனும், எட்டாம் வகுப்பு வரை மட்டுமே பள்ளியில் பயின்று, பின்னர் அச்சகமொன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநனாகப் பணியாற்றி, இலத்தீன் எழுத்தையும் பழந்தமிழ் எழுத்தையும் தன் முயற்சியாலேயே கற்றுக்கொண்டவனுமாகிய மா. சிற்றம்பலம் என்னும் நான், எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதங்களும் நிறைந்தவன். விழா மலருக்கென்று நானே எழுதிக்கொடுத்த தன்வரலாற்றுக் குறிப்பின் இந்த முதல் வாக்கியத்தை, சாதிக்கின் புகைப்பட நிலையத்தில், சுற்றினால் உயர்ந்து சுற்றினால் தாழும் ஒரு வட்ட முக்காலியில் அமர்ந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். இரண்டு விளக்குகளுக்கு நடுவே, வெள்ளைத் தாளின்மேல், என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உரோமானிய வெள்ளிக்காசு கிடந்தது. அதன் படம் கணினித் திரையில் முறத்தளவு விரிந்திருந்தது. திபேரியசு மன்னனின் தடித்த கழுத்தும், இலைமாலை சூடிய தலையும், பிடரிக்குப் பின்னால் அந்தக் குறியும் தெரிந்தன. சாதிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, "ஐயா, ராசா மூஞ்சி அருமையா வந்திருக்கு. மூக்குல இருக்கற முடிச்சு வரைக்கும் தெரியுது. ஆனா இந்தக் கூட்டல் குறி மட்டும் பளிச்சுன்னு இருக்குது பாருங்க, நேத்துத்தான் யாரோ ஆணியில கீறுன மாதிரி. அட்டைப் படத்துக்கு நல்லா இருக்காது. கறுப்படிச்சு விட்டுறலாமா? ரெண்டு நிமிச வேலை" என்றான்.

கூட்டல் குறி. குழந்தைகள் கணக்குப் போடும் குறி. இருபத்தெட்டு ஆண்டுகளாக எவரும் அதனை என் முன்னிலையில் அப்பெயரால் அழைத்ததில்லை. திருமணப் படமெடுக்கும் சாதிக்கிற்கு அது அப்படித்தான் தெரிகிறது. அதைக் 'க' என்று அழைத்தவன் நான். என் கூடத்துச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணையில், பிராமி எழுத்தின் முதல் மெய்வரிசையில், நேர்க்கோடொன்றும் குறுக்குக்கோடொன்றுமாக நிற்கும் ககரத்தை நான் எத்தனை முறை விரலால் தடவியிருப்பேன்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு, ஒரு புதன்கிழமை, அமராவதி ஆற்றில் மணல் சலிக்கும் நாட்ராயன் கொணர்ந்து கொடுத்த இந்தக் காசைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தபோது, அந்தக் கோடுகள் கண்ணில் பட்ட கணத்தில், என் உள்ளங்கால் சில்லிட்டது. உரோமைக் காசில் தமிழ் எழுத்து, அதுவும் ககரம், கருவூரின் முதலெழுத்து. அன்று மாலை அச்சகத்தில் சோப்புக் கம்பெனி நாட்காட்டியின் மெய்ப்பில் 'திங்கள்' என்பது 'தங்கள்' என்றிருந்ததைக் கூடக் கவனியாமல் விட்டேன், அவ்வளவு பரவசம். அதன்பின் நாட்ராயன் கொணர்ந்த காசுகளில் மேலும் ஆறு ககரங்கள் கிடைத்தன. மூன்று காசுகளில் ஒற்றைக் கோடு மட்டும் இருந்தது. பிராமியில் ஒற்றைக் கோடு ரகரம். க, ர. கருவூர் என்பதன் முதலிரண்டு மெய்கள். 'ரு'வுக்குரிய உகரக் குறி காலத்தால் தேய்ந்திருக்கலாம் என்று இருபத்து மூன்றாம் பக்கத்தில் அடிக்குறிப்பு வேறு எழுதினேன். என்ன அடிக்குறிப்பு, என்ன துணிவு! ஏழும் மூன்றும் பத்துக் காசுகள், பத்தும் ஒரே மனிதனின் மடியிலிருந்து வந்தவை என்பதை அப்போது நான் ஒரு சான்றாகவே கொண்டேன். ஆற்றின் ஒரே திட்டில் கிடைத்தமையால் ஒரே வணிகக் குழுவினுடையவை என்று வாதிட்டேன். ஒரே மனிதன் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு என்பது ஒரு பிழைதிருத்துநனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

"ஐயா, டீ சொல்லட்டுமா?" என்றான் சாதிக். வேண்டாமென்று தலையசைத்தேன். அவனுடைய கைப்பேசி பாடியது. "சொல்லுங்கக்கா. இல்லக்கா, ஆல்பம் ரெடி. மாமியாரு கண்ண மூடிட்டிருக்கற படத்த எடுத்துட்டு வேற வெக்கச் சொன்னீங்கல்ல? வெச்சாச்சு. எல்லாப் படத்துலயும் அவங்க மூடித்தான் இருக்காங்க, நான் என்ன பண்றது? வேற ஒரு படத்துல இருந்து கண்ண எடுத்து ஒட்டிட்டேன். யாரு கண்ணா? உங்க கண்ணுதான்க்கா" என்று சிரித்தான். ஒருவர் முகத்தில் மற்றொருவர் கண். இரண்டு நிமிட வேலை. தொழில்தானே, இதில் அவனுக்கு எந்தக் கூச்சமும் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அவன் ஒட்டிய கண்ணைக் கொண்டு எவரும் வரலாறு எழுதப்போவதில்லை. நான் எழுதினேன், நாற்பத்தெட்டுப் பக்கம். 'கருவூர் வெள்ளிக் காசுகளில் தமிழ் எழுத்து', டெம்மி அளவு, ஐந்நூறு படிகள். அதன் வெளியீடு எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு பள்ளிக்கூட அரங்கில். மேடையில் இருந்த பேராசிரியர், நான் 'பொந்திபு மாக்சிம்' என்று காசின் பின்புறத்து வாசகத்தைப் படித்தபோது, அருகிலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். இருவரும் உதட்டை மடித்துக்கொண்டார்கள். என் இலத்தீன் ஒலிப்பு தவறென்று எனக்குத் தெரியாதா? எனக்கு ஒலித்துக் காட்ட எவர் இருந்தார்? அகராதி ஒலிக்காது. காது மடல்கள் சுட்டன. அந்தச் சூட்டோடு நான் ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு நின்ற வேளையில்தான் பின்வரிசையில் நாட்ராயன் எழுந்தான். நான்தான் அவனை அழைத்திருந்தேன். கண்டெடுத்தவன் என்று சபைக்குக் காட்டுவதற்காக. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி, அவன் சொன்னான்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. அது எழுத்தில்லீங்க. அது நானு கீறுனதுங்க."

நானு கீறுனதுங்க. பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பார்வை. ஒரு நொடி, ஒரேயொரு நொடி, நான் "எப்படி?" என்று கேட்டிருக்கலாம். எப்படி என்ற நான்கெழுத்து. அதற்குப் பதிலாக என் வாய் வேறொன்றைச் சொன்னது. நான் எண்ணிச் சொன்னதில்லை, ஆனால் எண்ணாமல் வருவது எங்கிருந்து வருகிறது? "நாட்ராயா, உனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே, நீ எப்படியப்பா ககரம் எழுதினாய்?" என்றேன். அரங்கு அதிர்ந்தது. பேராசிரியரும் வாய்விட்டுச் சிரித்தார், மேசையைத் தட்டினார். அன்று முழுவதும் என் பக்கம் நின்ற ஒரே சிரிப்பு அது. அவர் என்மேல் எறிந்ததை நான் நாட்ராயன்மேல் எறிந்து கைகழுவிக்கொண்டேன். நாட்ராயனும் சிரித்தான். அதுதான். அவன் சினந்திருந்தால் நான் இத்தனை ஆண்டுகள் இப்படி உழன்றிருக்க மாட்டேன். துண்டை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அதுவுஞ் செரிதானுங்க" என்று சொல்லி உட்கார்ந்தான். எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுத்தறியாதவனைப் பார்த்துச் சிரித்தான். பேராசிரியர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அதில் நான் வென்றதாக எண்ணிக்கொண்டு, அன்று வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி விசாலாட்சிக்குப் பூ வாங்கினேன்.

முக்காலி தானாகவே அரைச்சுற்றுச் சுற்றியது. சுவரில் மணமக்களின் படங்கள், அனைவரும் என்னைப் பார்த்துப் பல் தெரியப் புன்னகைக்கிறார்கள். அறியாமல் செய்தது பிழை. அதற்கு மன்னிப்பு உண்டு, அச்சகத்தில் அதற்கென்றே புத்தகத்தின் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்குவோம். அறிந்தபின் விட்டுவைத்தது எது? தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, இரண்டு மாதமாக நாட்ராயன் வரவில்லையே என்று ஆற்றோரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை, அவன் மனைவி பாவாயி பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்துப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். "உக்காருங்க சாமி, வந்துருவாரு" என்று சொல்லி அந்தக் குடத்தைத் திருப்பினாள். அதன் கழுத்தில் ககரம். அண்டாவின் விளிம்பில் ககரம். சல்லடையின் சட்டத்தில், மண்வெட்டிக் காம்பில், நிலைக்கதவின் மேல் சுண்ணாம்பால். என் புத்தகம் முழுவதும் அந்த வீட்டில் எழுதிக் கிடந்தது. இதென்னம்மா என்று கேட்டேன். "இதுங்களா? கண்ணாலத்துக்குக் காட்சிக்குன்னு நாலு பேரு சாமானத்த வாங்கிட்டுப் போவாங்க. பந்தல்ல ஒண்ணோடொண்ணு மாறிப்போவுமில்லீங்க? எல்லாரும் பேரு வெட்டிக்குவாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு எழுத்து வராதுங்களே, அதுனால இதையக் கீறி வெச்சுருவாரு. இது இருந்தா நாட்ராயன் ஊட்டுச் சாமானம்னு ஊருக்கே தெரியுமுங்க." காசிலுமா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "காசு எடுத்தாலும் அப்பிடித்தானுங்க. மொதல்ல ஒத்தக் கோடு கீறிப் பாப்பாரு. உள்ள செவப்புத் தெரிஞ்சா செம்பு, மேல வெள்ளி பூசுனது, அப்பிடியே உட்டுருவாரு. வெள்ளையாவே இருந்தா நல்ல சாமானம். குறுக்க இன்னொண்ணு கீறி, நம்ம முடிஞ்சதுன்னு மடியில போட்டுக்குவாரு." நல்ல வெள்ளி ககரம், செம்பு ரகரம். கருவூர் என்னும் தொன்மையான பெயரில், பூசிய காசும் பூசாத காசுமாக மாறி மாறி நின்றன. மோர் கொடுத்தாள். குடித்தேன். குவளையின் அடியிலும் அது இருந்தது.

அன்றே எழுதியிருக்க வேண்டும். நாளை எழுதலாம் என்றேன். நாளை என்றால் மறுநாள் என்று பொருள். எனக்கு அது ஆறு ஆண்டுகளாயிற்று, இரண்டாயிரத்தொன்றில், தொல்லியல் வல்லுநர் ஒருவர் காசைப் பார்க்க வருகிறார் என்று கழகச் செயலாளர் குணசீலன் சொன்ன நாள் வரை. ஆன்பொருநை நாணயக் கழகத்தில் நாங்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் என் ககரத்தின்மேல்தான் நிற்கிறார்கள். கழகத்தின் முத்திரையே அதுதான், ஒரு வட்டத்துக்குள் ஒரு க. வல்லுநரின் பூதக்கண்ணாடியில் கீறல் வெண்மையாக மின்னும் என்பதை நான் அறிவேன். ஈராயிரம் ஆண்டுக் காசில் ஈராயிரம் ஆண்டு எழுத்து கறுத்திருக்க வேண்டும். வேகவைத்த முட்டையின் மஞ்சளோடு வெள்ளியை மூடிவைத்தால் கறுக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். என் வீட்டில், என் தந்தை வீட்டில், எந்தத் தலைமுறையிலும் முட்டை நுழைந்ததில்லை. மூன்று தெரு தள்ளிப்போய், முகம் தெரியாத கடையில், ஒன்றே ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "ஒண்ணு போதுங்களா பெரியவரே? பேரனுக்கா?" என்றார். ஆமென்றேன், எனக்குப் பேரனே இல்லை. விசாலாட்சி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தில் அதை வேகவைத்து, மஞ்சளோடு காசை மூடிவைத்தேன். திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்று, "என்னங்க, என்ன நாத்தம் இது?" என்றாள். மருந்து என்றேன். "யாருக்கு மருந்து?" என்றாள். அவள் அந்தப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக் கொல்லையில் வைத்தாள். மறுபடி உள்ளே கொண்டுவரவேயில்லை, ஏனென்றும் கேட்கவில்லை. வல்லுநர் வந்தார், பார்த்தார், "ம், இருக்கலாம்" என்றார். இருக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லைப் பன்னிரண்டு இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதுவரை என் கையில் இருந்தது பிழை. அன்றிலிருந்து அதன் பெயர் வேறு. அந்தப் பெயரை எழுத என் கை இன்னமும் கூசுகிறது, எழுதிவிடுகிறேன். மோசடி.

"ஐயா?" சாதிக்கின் விரல் சுட்டியின்மேல் காத்திருந்தது. "அடிச்சுறவா?" கொஞ்சம் பொறு தம்பி என்றேன். முட்டை பூசிய கருமை எங்கே போயிற்று என்றால், விசாலாட்சியிடம் போயிற்று. படமெடுக்கும் நாளாயிற்றே, பளபளப்பாக இருக்கட்டுமென்று, நேற்று அவள் குத்துவிளக்கோடும் சந்தனக் கிண்ணத்தோடும் சேர்த்து இதையும் நனைத்த விபூதியால் தேய்த்து, என் சட்டைப்பையில் ஒரு துணியில் முடிந்து வைத்தாள். "அந்தக் கோட்டுல அழுக்கு நெறைய இருந்துச்சு, அழுத்தித் தேச்சேன்" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். தெரிந்தா, தெரியாமலா? பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பாத்திரத்துக்கு விடை சொல்கிறாளா? கேட்கும் துணிவு எனக்கு இல்லை. எனக்கு எதற்குத்தான் துணிவு இருந்தது? ஞாயிற்றுக்கிழமை விழா. நூலின் இரண்டாம் பதிப்பு, அட்டையில் இந்தப் படம், எனக்கு 'நாணயச் செம்மல்' என்ற பட்டம். நாணயம் என்பதற்கு நேர்மை என்றும் பொருள் உண்டென்பதைக் கழகத்தில் எவரும் யோசிக்கவில்லை. பட்டத்தின் மெய்ப்பு என்னிடமே வந்தது, ஒரு புள்ளிகூடத் தவறில்லை, கையொப்பமிட்டுத் திருப்பினேன். அதே மேடையில் காசுகளைக் கண்டெடுத்தவருக்கு ஒரு துண்டு போர்த்துவதாகவும் அழைப்பிதழில் உண்டு. நாட்ராயனுக்கும் என் வயதுதான், இப்போது கண்ணில் புரை, பாவாயி போய் நான்கு ஆண்டுகளாகின்றன. சென்ற வாரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அவனைக் கண்டேன். விலகிப் போய்விட எண்ணித் திரும்பினேன். குரலால் அல்ல, செருப்பின் ஓசையால் என்னை அறிந்துகொண்டான். "சிற்றம்பலஞ் சாமிங்களா? குணசீலன் வாத்தியாரு வந்து பத்திரிக்கை வெச்சாருங்க. மேடைக்கு வரோணும்னாரு." வந்துவிடு என்றேன். அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே, பக்கத்திலிருப்பவர் கேட்காத அளவில், அத்தனை பரிவோடு சொன்னான்: "நானு ஒண்ணுஞ் சொல்லமாட்டேனுங்க. நீங்க பயப்படாதீங்க."

பயப்படாதீங்க. உண்பதற்கு உட்கார்ந்தால் அது. கண்ணாடியில் மழித்துக்கொள்ளும்போது அது. அவன் என்னைப் பழிக்கவில்லை, மிரட்டவில்லை; தன் பொருளைத் தன்னுடையது என்று சொல்லாமல் இருப்பதாக எனக்கு வாக்களிக்கிறான். ஊரார் பந்தலில் கலந்துபோகாமல் ஓர் அண்டாவைக் காப்பாற்றிய குறி. அதை நான் எடுத்துக்கொண்டேன், இருபத்தெட்டு ஆண்டுகளாகத் திருப்பித் தரவில்லை, அவன் கேட்கவும் இல்லை. இப்போது சாதிக் இரண்டு நிமிடத்தில் அதைக் கறுப்பாக்கித் தருவான். முட்டையும் வேண்டாம், நாற்றமும் இல்லை. முன்பு நான் ஒருவனாகச் செய்ததற்கு இந்தப் பிள்ளை தன் கையாலும் உதவுவான், என்ன செய்கிறோம் என்று அறியாமலே. திரையில் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். எவ்வளவு நேரான கோடுகள்! முதற்கோடு சற்றே ஆழம், ஐயத்தோடு அழுத்தியது. குறுக்குக்கோடு மெல்லியது, விரைவானது. வெள்ளிதான் என்று தெரிந்துவிட்ட மகிழ்ச்சியில் இழுத்தது. இத்தனை ஆண்டுகளில் நான் அதை முதன்முறையாகச் சரியாகப் படித்தேன்.

"வேண்டாம் தம்பி" என்றேன். "அப்படியே இருக்கட்டும்." அவன் வியப்போடு, "பளிச்சுன்னு தெரியுதுங்கய்யா, எல்லாரும் கேப்பாங்க" என்றான். "கேட்கட்டும். உன் கைப்பேசியைக் கொஞ்சம் கொடு." நாட்ராயன் மகள் வீட்டு எண் என் பையிலிருந்த விழா அழைப்பிதழின் பின்புறத்தில் குறித்திருந்தது. அவள் எடுத்து, "அப்பா, உங்களுக்குத்தான்" என்று கூவினாள். நெடுநேரம் கழித்து மூச்சொலி. நான் பேசத் தொடங்கினேன். வாழ்நாளில் அவனை ஒருமையிலன்றி அழைத்திராத நாக்கு முதற்சொல்லிலேயே இடறியது. "நாட்ராயரே, சிற்றம்பலம் பேசுகிறேன். அந்தக் காசில் இருப்பது நீங்கள் கீறியதுதான். எனக்குத் தெரியும். பத்தொன்பது வருசமாகத் தெரியும். பாவாயி அம்மா சொன்னார்கள்." சாதிக் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். பிறகு மரியாதையாக வேறெங்கோ பார்த்தான். "அட," என்றது அந்தக் குரல், "அதைத்தானுங்க நானு அப்பவே சொன்னேன்." இருமலும் சிரிப்பும் கலந்து வந்தன. பிறகு, "சாமி, நானும் ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்த ஒத்தக் கோட்டுக் காசு மூணு இருக்குதுங்களே, அது செம்புங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன். நீங்க அதையப் பாத்துட்டு அப்பிடிக் குதிச்சீங்களா, எனக்கு வாய் வல்லீங்க." என்னாலும் சிரிக்காமலிருக்க இயலவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம நானு வாறதுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டான். "வாருங்கள்" என்றேன். "பட்டத்தைத் தருவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. உங்களுக்குத் துண்டு உண்டு. நான் எழுந்து சொல்வேன். எப்படிக் கீறினீர்கள் என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டும்."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதிக்கிடம் ஒரு தாள் வாங்கி, முப்பத்தாறு ஆண்டுகள் எழுதிய அதே முறையில், நான்கு கட்டங்கள் வரைந்தேன். படத்தோடு அச்சகத்துக்குப் போய், இரண்டாம் பதிப்பின் முதற்பக்கத்துக்கு முன்னால் ஒட்டப்பட வேண்டிய துண்டுச் சீட்டு அது. பக்கம்: இருபத்து மூன்றும், அதற்குப் பின்வரும் எல்லாப் பக்கங்களும். வரி: எங்கெங்கு வரினும். பிழை: க. திருத்தம் என்ற கட்டத்தில் முதலில் கூட்டல் குறி என்று எழுதினேன். அது அந்தக் குறியின் பெயரேயன்றி அது சொல்லும் சொல்லன்று என்பதால் அடித்துவிட்டேன். அது எழுத்துத்தான், அதில் நான் தவறவில்லை. எவருடைய எழுத்து, என்ன சொல் என்பதில்தான் தவறினேன். ஆகவே, திருத்தம்: நாட்ராயன். அடியில் கையொப்பமிட்டு நாளும் குறித்தேன்: கருவூர், இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள், பதினான்காம் நாள், வியாழக்கிழமை.